மச்சினன் தந்த போனுக்கு ஒரு பூட்டு

"...நம்ம சிம்மைப் போட்டா மட்டும் எடுக்க மாட்டேங்குங்க. இவ்வளவு ராங்கியா இதுக்கு?" என்றாள் என் மனைவி.

"உன் தம்பி போனுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகளுக்குக் காது கேட்காது. வீடியோவில் முகம் பார்த்து, கைச்சாடையில்தான் தாயும் மகளும் பேசிக்கொள்வார்கள். எங்கள் பழைய போனில் கேமரா போய்விட்டதால், அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சினன் தன் போனைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

இருவரும் பேட்டையில் ஒரு செல்போன் கடைக்குக் கொண்டுபோனோம். "அந்த ஊரு கம்பெனி போட்ட பூட்டு அண்ணாச்சி. உடைச்சுப் பாக்கேன். போனே போயிட்டுன்னா என்னைக் கேக்கப்படாது" என்றார் கடைக்காரர். நானும் சரியென்று நீட்டிவிட்டேன். மனைவி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, பழைய போனில் தம்பியை அழைத்தாள்.

"ஐயோ அக்கா, உடைச்சிராதீங்க! இங்க சிம் கம்பெனிக்காரன்ட்ட தவணையில வாங்குன போனு. பணம் முடியுத வரைக்கும் நாம வேற கம்பெனிக்குப் போயிரக் கூடாதுன்னு, அவன் சிம்முக்கு மட்டும் பூட்டி வச்சிருக்கான். தவணைதான் எப்பவோ முடிஞ்சிட்டே. நான் கேட்டா அவனே திறந்துவிட்டுருவான்."

அப்படியே திறந்தும் விட்டார்கள். இப்போது சொந்தத்தில் யாருக்கு வெளிநாட்டுப் போன் வந்தாலும், கொண்டுவந்தவர் ஊர் திரும்புமுன் நம் சிம்மைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

பூட்டு திறந்த அன்று மகள் முகம் திரையில் வந்ததும், "ஆட்டாம பிடிங்க" என்று போனை என்னிடம் திணித்துவிட்டு, மனைவி இரண்டு கைகளாலும் அவளோடு பேச ஆரம்பித்தாள்.