அப்பா வெட்டியெடுத்த வளையங்கள்

சூரியனுக்குள் எரிகிற நெருப்பைப் பூமியில் ஒரு வளையத்துக்குள் அடைத்து மின்சாரம் எடுக்கலாமாம். யுத்த காலத்தில், கரண்ட் நினைத்தபோது போய் நினைத்தபோது வருகிற கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, நான் அதைத்தான் ஆராய்ந்தேன். எவ்வளவு உருப்படியான பிள்ளை பாருங்கள்.

வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு நேர்முகத் தேர்வு வந்தது. அந்த ஒன்றைத்தான் நம்பியிருந்தேன். அன்று காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள், அப்பா என் ஆய்வுக் கட்டுரையைச் சவர பிளேட்டால் திருத்தியிருந்தார். வளையம், காந்தச் சுருள், சுவர் என்று ஒரு படமும் மிச்சமில்லை. பக்கமெல்லாம் சதுரம் சதுரமாக ஓட்டை. அலுவலகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா, வெட்டு மட்டும் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது.

“சென்ரியில இதைக் கண்டா குண்டெண்டுதான் நினைப்பாங்கள். எழுத்து இருக்குத்தானே பிள்ளை, அது காணும்.”

கத்த நேரமில்லை, பஸ் பிடித்தேன். பம்பலப்பிட்டிச் சென்ரியில், இராணுவச் சோதனைச் சாவடியில், எல்லோரையும் இறக்கினார்கள். படத்தோடு போயிருந்தால் புரட்டிவிட்டுத் தந்திருப்பார்கள். ஓட்டையோடு போனால் விடுவார்களா? அதிகாரி ஓட்டைக்குள் விரலை விட்டு, இங்கே என்ன இருந்தது என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு உட்காரவைத்து வரையச் சொன்னார்.

வரைந்தேன். நெருப்பு சுவரில் படாமல் காந்தம் பிடித்துவைத்திருக்கும், ஆனால் உள்ளே எழும் கொந்தளிப்பு சூட்டைச் சுவர்வரை தள்ளிவிடும் என்று விளக்கினேன். என் பேராசிரியர்கூட இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

“மேக்க புப்புரனவாத?” வெடிக்குமா என்று கேட்டார்.

வெடிக்காது, சுவரிலிருந்து பெயரும் துகள் உள்ளே போனால் நெருப்பு அணைந்துவிடும் என்றேன். அவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

அதே பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் போய்ச் சொல்ல, அப்பா ஓடிவந்தார். சட்டைப் பையிலிருந்து படங்களை எடுத்து, ஒவ்வொன்றாக ஓட்டையில் பொருத்திக் காட்டினார். எனக்கிருந்த கோபம் போய் அழுகைதான் வந்தது. அதிகாரி சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். அதற்குள் நேர்முகத் தேர்வு முடிந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அப்பா முதன்முறையாக என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டார்.

“அந்தச் சுவர் என்னத்துக்குப் பிள்ளை?”

“நெருப்பைப் பத்திரமா வைச்சிருக்கத்தான் அப்பா. ஆனா சுவரில இருந்து பெயருற துகள் உள்ள விழுந்தா நெருப்பு அணைஞ்சுபோகும்.”

“பிறகு அதாலயே அணையுமோ?”

“ஓம்.”

பஸ் வெள்ளவத்தைக்கு வந்தது. இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“சுவர் அதை வேணுமெண்டே அணைக்கிறேல்லத்தானே பிள்ளை.”