அம்மி தேய்ந்த தெரு

எண்பதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு வருடம், உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தின் மனத்தெம்பை அளந்துவர அரசாங்கத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டமும் வாங்கியிருந்தேன். என்னால் அளக்க முடியாதது எதுவும் இருப்பதாக அப்போது எனக்குத் தெரியாது.

ஆய்வுப் படிவத்தின் முதல் கேள்வி: 'கஷ்டம் வந்தால் உங்களுக்கு உதவ எத்தனை பேர்?'

தெரு முழுக்க ஒரே பதில். "ஒருத்தரும் இல்ல தாயி. நல்லா அழுத்தி எழுதிக்க." வீட்டுக்கு வீடு பூஜ்யம் போட்டேன்.

கடைசி வீட்டுப் பெண் மட்டும் வாயே திறக்கவில்லை. கோடையில் கணவன் இறந்ததிலிருந்து அப்படித்தானாம். ஒருநாள் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்திருந்தவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறார்கள். ஆனால் அவள் வீட்டில் அம்மிச் சத்தம் ஓயவில்லை. ஒருத்தி மிளகாய் அரைத்துவிட்டு எழுந்தால் அடுத்தவள் தேங்காயோடு வந்தாள்.

"ஏங்க்கா எல்லாரும் இங்கயே அரைக்கிறீங்க?"

"எங்க அம்மி தேஞ்சு வழவழன்னு ஆயிருச்சு," என்றாள் மிளகாய் அரைத்தவள்.

"எங்களதும் அப்படித்தான்," என்றாள் தேங்காயோடு நின்றவள்.

ஒரு தெருவின் அம்மியெல்லாம் ஒரே நேரத்தில் தேய்ந்ததில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. படித்தவள் அல்லவா! 'ஊரின் குறைகள்' என்ற இடத்தில், அம்மி கொத்த ஆள் இல்லை என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் உசிலம்பட்டிச் சந்தையில் அம்மி கொத்தும் ஒருவரைப் பிடித்து, பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

ஒரு வீட்டிலும் அம்மியைக் காட்டவில்லை. மிளகாய் அரைத்தவள் என்னைத் தெருவோரம் இழுத்தாள்.

"அம்புட்டு அம்மியும் நல்லாத்தேன் இருக்கு. அவள ஒத்தையில விடக் கூடாதுன்னு முறை வச்சு வாரோம். நீ பாட்டுக்குக் கொத்திக் குடுத்துட்டுப் போயிருவ. நாளைக்கு எதச் சொல்லி நாங்க அந்த வாசப்படி ஏற?"

உளியும் சுத்தியலுமாக நின்றவர் கேட்டார்: "தாயி, கொத்தவா, இல்ல கெளம்பவா?"

கடைசி வீட்டுக் கதவு திறந்தது.

"இங்க வாங்கண்ணே," என்றாள் அவள். "மூணு மாசமா ஊரே அரைச்சு, எங்க அம்மிதேன் தேஞ்சு கெடக்கு."

மிளகாய் அரைத்தவள்தான் முதலில் சுதாரித்தாள்: "அப்ப நாளைக்கும் இங்கதேன். புதுக் கொத்துல நல்லா அரைபடும்."

உளிச் சத்தத்துக்கு நடுவே படிவத்தைப் பிரித்து, கடைசி வீட்டுப் பெண்ணிடம் விட்டுப்போன கேள்வியைக் கேட்டேன். உதவ எத்தனை பேர்?

அவள் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தரும் இல்லன்னு போடு. இல்லாட்டி நிவாரணத்துல பேர எடுத்துருவாய்ங்க."

போட்டேன். நல்ல கையெழுத்து எனக்கு. பூஜ்யம் அழகாக, வட்டமாக வந்தது.