மாத்திரை விழுங்கும் கிரகத்தைச் சைக்கிளில் சுமந்த கதை

வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கொடுத்து வாங்குகிறவனுக்குப் புத்தகத்தின் கனத்தைவிட, அதைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் சொல்லும் அபிப்பிராயத்தின் கனம்தான் அதிகம். இந்தத் தொழில் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். வாசலில் வெயிலில் நின்றுகொண்டு, முழுவதும் படித்திராத நாவலைப் பற்றி எத்தனை பேருக்கு ‘ஆமாங்க, ஆமாங்க’ என்று சொல்லியிருப்போம்!

ஐம்பதுகளின் கடைசியில் நான் திருச்சியில் ஒரு வாடகை நூல் நிலையத்தில் வேலை பார்த்தேன். கேரியரில் ஒரு தகரப் பெட்டி, அதில் நாற்பது புத்தகம். திங்கள் ஸ்ரீரங்கம், செவ்வாய் பாலக்கரை, புதன் அரியமங்கலம். வெளியூர் போனதெல்லாம் சொந்த ஆசையில்.

ராக்கெட் அட்டை

முதலாளி ஒருநாள் ‘பசியில்லாத கிரகம்’ என்ற நாவலில் இரண்டு பிரதி வாங்கிப் போட்டார். அட்டையில் ராக்கெட். பூமியிலிருந்து போகிற ஓர் என்ஜினீயர், வாயால் பேசாமல் கையால் மட்டுமே பேசுகிற மனிதர்கள் நடுவே மாட்டிக்கொள்கிறான். அங்கே அடுப்பு கிடையாது. எல்லோரும் அவரவர் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஒரு நீல மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவார்கள். தப்புப் பண்ணினவர்கள் மட்டும் தட்டை ஏந்திக்கொண்டு கூண்டுக்கு வெளியே நிற்க வேண்டும். மற்றவர்கள் விழுங்கி முடித்த பிறகுதான் அவர்களுக்கு மாத்திரை.

காலேஜ் மாணவர்கள் பறந்துகொண்டு எடுப்பார்கள் என்று முதலாளி கணக்குப் போட்டார். முதலில் எடுத்த மாணவர் மறுநாளே கொண்டுவந்து போட்டார். “ராக்கெட் மூணாம் பக்கத்துலயே இறங்கிடுதுங்க. அப்புறம் முழுக்கச் சாப்பாட்டுப் பேச்சுதான்!”

உத்தர வீதி மாமி

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு மாமி. கணவர் ரிடையரான ஹெட்மாஸ்டர். மாமி வழக்கமாகக் குடும்ப நாவல்தான் எடுப்பார். அன்றைக்குப் பெட்டியில் அது எதுவும் இல்லாததால் ராக்கெட்டை நீட்டினேன். பிடிக்காது என்றுதான் நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை புத்தகத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “எல்லாரும் முழுங்கி முடிக்கிற வரைக்கும் தட்டோட நிக்கணும்னு அங்கே தண்டனை வெச்சிருக்கான். முப்பது வருஷமா நான் இந்தாத்துல அதைத்தான் பண்ணிண்டிருக்கேன். என்ன குத்தம் பண்ணினேன்னுதான் தெரியலை.”

‘ஆமாங்க’ என்பது அந்த இடத்தில் வாயில் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் கதவைத் திறந்தவர் ஹெட்மாஸ்டர். உள்ளேயிருந்து மாமியின் சத்தமே இல்லை. ஒரு வாடிக்கை போய்விட்டது, முதலாளியிடமும் புகார் போகப்போகிறது என்று முடிவு செய்துகொண்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீர்தானா அந்தப் புஸ்தகம் குடுத்தவர்? எட்டு நாளா எனக்கு எதிர்லயே இலையைப் போட்டுண்டு உட்காந்துடறா. மொத நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் பாத்தேன், அவளுக்கு வத்தக்குழம்பு பிடிக்கவே பிடிக்காதாம். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சே ஓய்!”

பாலக்கரையில் ஒரு சஹன்

காதர் பாய்க்குப் பாலக்கரையில் ஜவுளிக் கடை. மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது கல்லாவில் உட்கார்ந்து நாவல் படிப்பார். அண்ணனும் அவரும் ஒரே தெரு. ஆனால் ஆறேழு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணத்தை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அண்ணன் மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள். “போய் ஒரு சலாம் சொல்லிட்டு, சாப்பிடாம வந்துடுவேன்” என்று என்னிடமே இரண்டு தடவை சொன்னார். அவர்கள் விருந்தில் பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்குப் பெயர் சஹன். அண்ணன் கை வைத்த சஹனில் தன் கை படாது என்பது பாயின் வைராக்கியம்.

அந்த வாரம் நாவலைப் படித்துக்கொண்டிருந்தவர், கண்ணாடிக் கூண்டு வருகிற அத்தியாயத்தில் விரலை வைத்து என்னை நிறுத்தினார். “தம்பி, ஆளுக்கொரு கூண்டுன்னா இவனுங்க சண்டை போட்டா எங்கே உக்காந்து ராசியாவானுங்க?” புத்தகத்தை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொண்டார்.

நிக்காஹ் முடிந்த செவ்வாய்க்கிழமை போனேன். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: “அண்ணன் இருந்த சஹன்லதான் உக்காந்தேன் தம்பி. அவரு நிமிர்ந்து பாக்கல, நானும் பாக்கல. பாதியில ஒரு நல்ல கறித்துண்டை விரலால என் பக்கம் தள்ளி வச்சாரு. நான் எடுத்துத் தின்னுட்டேன். அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு.”

லூர்து எழுதிய சீட்டு

அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்த அந்தோணியின் மனைவி லூர்து. பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. சிறு வயதில் அதற்கான பள்ளியில் தங்கிப் படித்தவர். என் பெட்டியில் அவர் படிக்காத புத்தகம் கிடையாது. இந்த நாவலில் எல்லோரும் கையால் பேசுகிறார்களே, ரொம்பச் சந்தோஷப்படுவார் என்று ஆவலோடு கொடுத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது கோபமாக இருந்தார். ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி நீட்டினார்: “இவர் கையால் பேசுகிறவர்களைப் பார்த்ததே இல்லை. கையில் சோறு இருந்தால் எப்படிப் பேச முடியும்? அவர்கள் மாத்திரைக்கு மாறியதன் காரணமே அதுதானே! அதை எழுத மறந்துவிட்டார்.”

சீட்டின் பின்பக்கமும் எழுத்து இருந்தது. கதையின் முடிவில் அந்தக் கிரகத்துப் பெண், என்ஜினீயர் தானே பொங்கி ஊட்டுகிற ஒரு கவளம் சோற்றை வாங்கிக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பாள். முதுகைக் காட்டுவது அங்கே முழு நம்பிக்கையின் அடையாளம் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். லூர்து எழுதியது இது: “பொய். கையால் பேசுகிறவர்களுக்கு முதுகைக் காட்டுவது முகத்தில் கதவைச் சாத்துவது. அவள் அவனை வேண்டாம் என்றுவிட்டாள். இதை ஆசிரியரிடம் கொடுக்கவும்.”

நான் படித்து முடிப்பதை அந்தோணி பார்த்துக்கொண்டே இருந்தார். “அவ சொல்றது நெசந்தாங்க. எங்க வீட்ல சண்டைன்னா ரெண்டு பேரும் சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிட்டுத்தான் ஆரம்பிப்போம்.”

ஜீயபுரத்தில் ஆசிரியர்

நாவலாசிரியர் ஜீயபுரத்தில் இருக்கிறார் என்பது முன்னுரையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காவிரிக்கரையோடு சைக்கிள் மிதித்துப் போனேன். வாழைத் தோட்டத்தை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. ஐம்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர், தனியாக இருந்தார். மாமி, பாய் கதைகளைச் சொன்னேன். அந்த மாத்திரைக்குள் இவ்வளவு பெரிய தத்துவத்தை எப்படி அடக்கினீர்கள் என்று பக்தியோடு கேட்டேன். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. “தத்துவமெல்லாம் இல்லைங்க. எழுதினப்போ எனக்கு வயித்துப்புண். கஞ்சியும் மாத்திரையும்தான். பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை வந்தா அழுகை வரும்.”

பிறகு லூர்துவின் சீட்டைக் கொடுத்தேன். முன்பக்கத்தைப் படித்துச் சிரித்தார். பின்பக்கத்தைப் படித்தவர், மடித்தார், பிரித்தார், மறுபடி படித்தார். தன் மனைவி லால்குடியில் பிறந்த வீட்டில் இருப்பதாகவும், போய்ப் பத்து வருஷமாகிறது என்றும் தானாகவே சொன்னார். போகிற அன்று காலையில் இவர் நீட்டிய இட்லியை மனைவி வாங்கிச் சாப்பிட்டாராம். பிறகு பஸ் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லையாம். நான் கிளம்ப எழுந்தபோது அவரும் வாசல்வரை வந்தார். “சீட்டு எழுதின அந்தம்மாகிட்ட அவங்க சொன்னதுதான் சரின்னு சொல்லுங்க. அது நம்பிக்கைன்னு நானா எழுதி வச்சுக்கிட்டேன். அப்படி எழுதினதுக்கு அப்புறம்தான் எனக்குக் கஞ்சியாவது இறங்குச்சு.”

குறியீடு என்றால் என்னவென்று காலேஜில் பாடமே நடத்துகிறார்களாம், எனக்குத் தெரிந்தவரை அது எழுதியவரின் வயிற்றில் கிளம்பி, படித்தவர் வீட்டுச் சமையலறையில் போய் இறங்குகிற ஒரு சாமான், நடுவில் சைக்கிள் மிதிப்பதற்கு ஒருவன் வேண்டும், அவ்வளவுதான்.