நடக்காத அறுபது மீட்டர்

ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கங்களில், பணியாளர் தகுதிப் பட்டியலில், அவரைப் பற்றி இப்படி இருக்கிறது: "எத்தகைய நிலத்திலும் அஞ்சாது சென்று, ஓரடியும் விடாமல் ஆய்ந்து பதியும் முதுநிலைக் களப்பணியாளர்." எழுதியவர் அவரோடு ஒரு தெருவைக்கூடக் கடந்திருக்க மாட்டார். நாயைக் கண்டால் அவருக்குக் கை கால் உதறும்.

கூட வேலை செய்பவர்கள் அவரை 'ஓட்டாஞ்சில்லு' என்பார்கள். உடைந்த பானைச் சில்லுகளைத் தேடுவதுதான் வேலையே. காற்றாலையோ மின்கம்பமோ வருமுன் அந்த நிலத்தில் பழங்காலத்து மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஆறு பேர் பத்து மீட்டர் இடைவெளியில், தலையைக் குனிந்தபடி வரிசையாக நடப்பார்கள். இருபது மீட்டருக்கு ஒரு கட்டம். அதில் கண்ணில் பட்ட பானை ஓடுகளை எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் சுழியம். அந்தக் கட்டத்தில் நடக்கவே இல்லையென்றால் குறுக்குக் கோடு. பார்த்தேன், இல்லை என்பதும் பார்க்கவே இல்லை என்பதும் ஒன்றல்ல. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நிறுத்திவைத்து இதை அரைமணி நேரம் விளக்குபவர் நம் ஓட்டாஞ்சில்லுதான்.

அன்று அவருக்கு ஓரத்து வரிசை. மூன்று கட்டங்கள் தள்ளி ஒரு கொட்டகை, அதன் முன்னால் கட்டாத நாய். நாய் எழுந்து நின்றது. அவர் வரப்புக்குப் பின்னால் உட்கார்ந்தார். மற்ற ஐவரும் குனிந்தே நடப்பவர்கள், யாரும் கவனிக்கவில்லை. குறுக்குக் கோடு போட்டால், எல்லார் முன்னாலும், குழுவை நடத்தும் மேடம் காரணம் கேட்பார். பத்தொன்பது வருட சர்வீஸ்! மூன்று சுழியங்களைப் போட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போய் வரிசையில் சேர்ந்துகொண்டார்.

பிறகு நடந்ததற்குக் காரணம் காற்றாலைப் பொறியாளரின் நல்ல மனசு. பக்கத்து வரிசைகளில் ஓடுகள் நிறையக் கிடைக்கவே, பழையதைச் சிதைக்கக் கூடாதென்று, காற்றாலைக்குக் குறித்த இடத்தை முப்பது மீட்டர் நகர்த்தி, ஒன்றுமில்லாத இடமாகப் பார்த்து வைத்தார். அந்த இடம் ஓட்டாஞ்சில்லுவின் முதல் சுழியம்.

ஆறு மாதம் கழித்து, அதே வயலில் மின்மாற்றி அறைக்கு இடம் குறிக்கப் போனார்கள். காற்றாலைக்கு அடித்தளம் தோண்டிய மண் ஓரமாகக் குவிந்து கிடந்தது. அதில் அவர் கண்ணுக்கு மட்டும் தட்டுப்பட்டது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாழியின் விளிம்பு, இறந்தவர்களை வைத்துப் புதைக்கிற தாழி. பக்கத்தில் ஒரு சின்னத் தாடை எலும்பு. எடுத்துப் பார்த்தார்; நாலு பால் பற்கள் அப்படியே இருந்தன. தலைக்கு மேலே காற்றாலை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மேடம் ஜீப்பிலிருந்தே கூப்பிட்டார்.

"அண்ணே, அறை உங்க மூணாவது கட்டத்துல வருது. அங்கதான் சுழியம் போட்டிருக்கீங்களே. ஒரு கையெழுத்து போடுங்க, கிளம்பலாம்."

"மறுபடி ஒரு தடவை நடந்துடறேன் மேடம்."

"ஏன், உங்க சுழியத்து மேல உங்களுக்கே சந்தேகமா?"

"அன்னைக்கு வெளிச்சம் சரியில்ல."

"உச்சி வெயில்ல நடந்தோம்ணே!"

"அதான், கண்ணு கூசிச்சு."

மேடம் சிரித்துவிட்டார். "சரி, நடங்க. நாய் இருக்கு, பாத்து."

நாய் குதிகாலை முகர்ந்தபடி கூடவே வந்தது. சட்டை முதுகோடு ஒட்ட, அவர் நிற்காமல் நடந்தார். இரண்டாவது கட்டத்தில் பதினோரு ஓடுகள். மூன்றாவதில் நாற்பத்து மூன்று.

சாயங்காலம் மனைவியின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"நாய்க்குப் பயந்தேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார் மனைவி.

"சிரிச்சிருப்பாங்க."

"எத்தன நாளைக்கு?"

"ஒரு வாரம்."

"ஒரு வாரச் சிரிப்புக்குப் பயந்து, ஒரு பிள்ளையோட குழியத் தோண்ட விட்டிருக்கீங்க." மனைவி தாள் அடுக்கியபடியே சொன்னார். "நாளைக்குப் போயி மேடம்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்."

மறுநாள் போனார். "அறைய வேற பக்கம் மாத்தியாச்சுண்ணே. எல்லாம் உங்க கண்ணு!" என்று மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், ஒரு விஷயம்..." என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"டீ சொல்லட்டுமா?"

இரண்டாவது, மூன்றாவது சுழியங்களை அவர் அடித்துத் திருத்தினார். காற்றாலை நிற்கும் முதல் சுழியத்தைத் திருத்தவில்லை. அன்று அந்தத் தாடையை எடுத்த குவியலிலேயே வைத்து, ஒரு கை மண் அள்ளி மூடிவிட்டு வந்ததை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.