கடைவாயின் மாடிப்படிக் கண்காட்சி

பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு ஜன்னலோர மேஜை. டாக்டர்கள் வாயில் எடுத்து அனுப்பும் அச்சு முதலில் அங்கேதான் வந்து இறங்கும். அதில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் பிரித்து, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்துவாள். பிறகு மெழுகை உருக்கிவிட்டு, அந்த இடத்தில் ஈறு நிற அக்ரிலிக்கை வைத்து இறுக்குவாள். யாருடைய வாய் என்பது அவளுக்குத் தெரியாது. பெட்டியின் மேல் எண் மட்டும்தான் இருக்கும்.

"ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறது என் புண்ணியத்துல" என்பாள் வீட்டில்.

"மீதிப் பாதி அழறது என் வேன்லதான்" என்பான் கணவன். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்.

இப்படி இருந்தவளுக்குத் தபால் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஒரு பனிக்காலம். லேபில் மெழுகு பாளம்பாளமாக வெடித்துக்கொண்டே இருந்தது. மெழுகு வெடிக்காமல் இருக்க என்ன செய்வது என்று போனில் தேடிக்கொண்டு போனவள், 'ஒட்டுவேலை' என்ற குழுவின் பக்கத்தில் போய் நின்றாள். அங்கே ஒருவர் அதே கேள்வியைக் கேட்டிருந்தார். ஆனால் பல்லுக்காக அல்ல; உறையின் வாயில் முத்திரை வைப்பதற்கு. 'கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்துப் பாருங்க' என்று இவள் எழுதிவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒரே நன்றி மழை. 'நீங்க என்ன அனுப்புவீங்க?' என்று கேட்டிருந்தார்கள். 'நான் எதையும் அனுப்பறதில்லை, பல் கட்டுறேன்' என்று பதில் போட்டாள். அன்றைக்கே அவளுக்குக் 'கடைவாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் குழுவில் எல்லாருக்கும் இப்படி ஒரு பட்டப்பெயர்தான். எங்கெங்கோ இருக்கிறவர்கள், கையால் எதையாவது செய்து ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்புவார்கள். வந்ததைப் படம் எடுத்துப் பக்கத்தில் போடுவார்கள். ஒரு தாள் கிளம்பும். கையில் கிடைத்தவர் அதில் ஒரு கிறுக்கலோ ஒட்டலோ சேர்த்து அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். அது திரும்பி வரும்போது பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. பக்கத்தின் உச்சியில் மூன்று வரி இருந்தது: வருவது எல்லாவற்றையும் வைப்போம். யாரும் தேர்வு செய்ய மாட்டோம். அனுப்பியதைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் அவள் வரைந்த படம் எதுவும் வகுப்புச் சுவரில் ஏறியதில்லை. அதனாலோ என்னவோ, நடு வரியை அவள் மறுபடி மறுபடி படித்தாள்.

முதலில் உறை இல்லாமல் ஒரு பொருளை அனுப்பும் திட்டம் வந்தது. முதலாளியிடம் கேட்டு, நிறம் ஒத்துவராமல் ஒதுக்கிய பற்களை வாங்கிக்கொண்டாள். ஈறு நிற அக்ரிலிக்கில் ஒரு அஞ்சலட்டை வார்த்து, மேல் விளிம்பு முழுக்கப் பல்வரிசை வைத்தாள். முகவரியைப் பற்களை அராவும் இயந்திரத்தின் ஊசியால் செதுக்கினாள். தபால் நிலையத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த பெண் அதைக் கையில் வாங்கியவள், சட்டென்று மேஜையில் போட்டுவிட்டாள்.

"ஐயோ, என்னம்மா இது?"

"போஸ்ட் கார்டுங்க."

"சிரிக்குதே!"

"கடிக்காதுங்க. ஸ்டாம்ப் மட்டும் ஒட்டிக் கொடுங்க."

அந்தப் பெண் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "எங்கம்மா ஒட்டுறது? இடமே இல்லையே."

"பல்லு மேல வேணாம். ஈறு மேல ஒட்டுங்க."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொறுப்பதிகாரி வந்தார், விதிப் புத்தகத்தைப் புரட்டினார், அதில் பல்லுக்குத் தடை எதுவும் இல்லை என்றார். அட்டை போய்ச் சேர்ந்தது. ஒரே ஒரு பல்தான் வழியில் உடைந்தது. குழுவை ஆரம்பித்தவர் அதைப் படம் எடுத்துப் போட்டார். அவருக்குப் 'பசை' என்று பெயர். விளம்பரக் கம்பெனியில் வேலை. எல்லாத் திட்டத்துக்கும் பொருள்கள் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

குழுவில் அவளுக்கு நெருக்கமானது 'குடை'. தெருவில் கிடக்கும் ஓட்டைக் குடைகளைப் பொறுக்கி, துணியைப் பிரித்து, அதில் உறை தைத்து அனுப்பும் ஆள். தையல் கோணல்மாணலாக ஓடும். உள்ளே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சில சமயம் அன்றைக்குப் பெய்த மழையைப் பற்றி ஒரு வரி இருக்கும். 'இங்கே தூறல். உங்க பக்கம் எப்படி?' என்று வந்தால், இவள் மெழுகுத் தகட்டில் 'காய்ச்சல் வெயில்' என்று கீறி அனுப்புவாள். அது வழியிலேயே வளைந்துபோய்ச் சேரும். ஆணா பெண்ணா, என்ன வேலை, எதுவும் ஒருவருக்கொருவர் கேட்டதில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. பெரிய ஓவியக்கூடம் ஒன்று ஒட்டுவேலைக்கு ஒரு கூடத்தைக் கொடுக்க முன்வந்திருக்கிறது என்று பசை எழுதியிருந்தார். எல்லாரும் குதித்தார்கள். மறுவாரம் அவரே ஒரு படத்தைப் போட்டார். சுவரில் மாட்டப்போகும் பொருள்கள் அதில் இருந்தன. நட்டநடுவில் இவளுடைய பல் அட்டை. குடை அனுப்பிய எதுவும் இல்லை. குழுவில் பாதிப் பேருடையது இல்லை.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. லேபில் முதலாளியிடம் காட்டினாள். கணவன் வேனில் வரும் ஆயாவிடம்கூடக் காட்டிவிட்டு வந்தான். மாலையில் பாத்திரம் கழுவும்போதுதான் நெஞ்சில் ஏதோ உறுத்த ஆரம்பித்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பசைக்குப் போன் போட்டாள்.

"அக்கா, சந்தோஷம்தானே?" என்றார் அவர்.

"சந்தோஷம்தான் தம்பி. மத்தவங்களோடது எங்க?"

"அவங்க சுவர்ல இடம் அவ்வளவுதான்க்கா. நல்லா இருக்கிறதா பார்த்து எடுத்துக் கொடுங்கன்னாங்க."

"நம்ம பக்கத்துல உச்சியில என்ன எழுதி வெச்சிருக்கீங்க?"

"எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. கட்டிலுக்கு அடியில பெட்டி, குளியலறைப் பரண்ல பெட்டி. இந்தப் பெட்டிங்க இருக்கட்டும், நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்றா வீட்டுக்காரி. இத்தனை வருஷத்துல இப்பதான் ஒருத்தர் கூப்பிட்டு இடம் கொடுக்கிறாங்க. பாதியாவது வெளிச்சத்துக்கு வரட்டுமே?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குச் சங்கடம்.

"எனக்கு வர்ற பெட்டியில வாய் எப்படி இருந்தாலும் நான் பல்லு கட்டியாகணும் தம்பி. கோணல் வாய், எனக்கு வேணாம்னு ஒதுக்கி வெச்சா அவங்க எப்படிச் சாப்பிடுவாங்க?"

"இது பல்லு இல்லைக்கா."

"என்னோடது பல்லுதானே?"

இருவருமே சிரித்துவிட்டார்கள். ஆனாலும் பேச்சு ஒரு முடிவுக்கு வரவில்லை. தன் அட்டையை எடுத்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தாள். அனுப்பியதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. அதுவும் அதே உச்சியில் இருக்கிற வரிதான். ஒரு வரிக்காகச் சண்டை போட்டுவிட்டு இன்னொரு வரியை மீறுவதா? அவள் நாற்காலியில் உட்கார்ந்து குழுவில் எழுதினாள்: 'சுவரில் இடம் கிடைக்காதவர்கள் எனக்கு ஒன்று அனுப்புங்கள். எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் தொங்கவிடுகிறேன். எல்லாவற்றையும்.'

கணவன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். "மாடிப்படி என்ன உங்க அப்பா கட்டினதா?"

"கேக்கணும்."

"கேட்டுட்டில்ல எழுதுவாங்க!"

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவாங்களே. அதான் முதல்ல எழுதிட்டேன்."

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் இரண்டாவது மாடியில் இருந்த அம்மாள். படியில் யாராவது செருப்பை விட்டால்கூடச் சீட்டு எழுதிக் கதவில் ஒட்டுகிறவர். இவள் போய் நின்றதும், "ஆணி அடிக்கக் கூடாது, பசை தடவக் கூடாது, நடக்கிற வழியை அடைக்கக் கூடாது" என்று அடுக்கினார்.

"சரிங்க."

"அப்புறம் எப்படித்தான் மாட்டுவே?"

அதை அவளும் அதுவரை யோசித்திருக்கவில்லை. மறுநாள் லேப் மேஜையில் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் சுருளைப் பார்த்ததும் விஷயம் தெளிந்தது. மெல்லிசு, ஆனால் இழுத்தால் கையை அறுக்கும். கைப்பிடிக் கம்பிக்குக் கம்பி அதைக் கட்டி, துணிக் கிளிப்பில் தொங்கவிட்டால் போதும். செயலாளர் அம்மாள் நூலை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம். அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது" என்றார்.

பொருள்கள் வர ஆரம்பித்தன. செருப்பின் அடிப்பாகம் முகவரியோடு வந்தது. குளியலறை ஓடு ஒன்று மூலை உடைந்து வந்தது. சட்டைக் கை, பாதி சீப்பு, சலவை சோப்பில் செதுக்கிய வீடு. தபால்காரர் தினமும் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறினார். ஒருநாள் நூல் கட்டிய ஒரு பலூனை எடுத்து நீட்டினார். ஸ்டாம்ப் நூலில் தொங்கிய அட்டையில் இருந்தது. முகவரியைப் பலூன் மேல் எழுதி, காற்றை இறக்கி அனுப்பியிருந்தார்கள்.

"அட்ரஸ் தெரியணும்னா ஊதணும்மா. எங்க ஆபீஸ்ல ஆள் மாத்தி ஆள் ஊதினோம். கடைசியில உங்க பேரைப் பார்த்ததும் எல்லாரும், ஓ, அந்தப் பல்லம்மாவான்னுட்டாங்க."

"மன்னிச்சுக்குங்க."

"இதுல மன்னிக்க என்ன இருக்கு? எப்ப மாட்டப்போறீங்க? என் பொண்ணைக் கூட்டிட்டு வரணும்."

குடையிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. இவளே செய்தி அனுப்பினாள். 'வேண்டாம். ஒருதரம் ஒதுக்கினதை மறுபடி அனுப்ப ஒரு மாதிரியா இருக்கு' என்று பதில் வந்தது. அவள் வற்புறுத்தவில்லை. 'எனக்கு அனுப்பினதெல்லாம் என்னோடது. அதை நான் மாட்டுவேன். முடிஞ்சா வந்து பாருங்க' என்று எழுதிவிட்டு, இரண்டு வருடத்து உறைகளையும் அலமாரியிலிருந்து எடுத்து இஸ்திரி போட்டாள். தையல் கோணலை இஸ்திரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கண்காட்சி தொடங்கிய அன்று நல்ல மழை. வந்தவர்கள் பெரும்பாலும் அதே கட்டடத்துக்காரர்கள். வேறு வழியில்லை, வீட்டுக்குப் போக அந்தப் படியில்தான் ஏறியாக வேண்டும். எப்போதும் இரண்டிரண்டு படியாகத் தாவும் முதல் மாடிக்காரர்கூட அன்றைக்கு ஒவ்வொரு படியாக ஏறினார். நின்று படித்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள், சோப்பு வீட்டை முகர்ந்தார்கள். கணவன் கீழே நின்று வருகிறவர்களுக்கு, "தலையைக் குனிஞ்சு போங்க, செருப்பு இடிக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மதியத்துக்கு மேல், தொப்பலாக நனைந்த பருமனான ஆள் ஒருவர் வந்தார். நரைத்த மீசை. படியில் தண்ணீர் சொட்டாமல் இருக்கச் சட்டை நுனியைப் பிழிந்துகொண்டு நின்றார். இவள் துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

"குடை கொண்டு வரலையாங்க?"

"இருந்ததைப் பிரிச்சுட்டேன்" என்றார்.

அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். லாரிகளை எடை போடும் மேடையில் வேலை என்றார். லாரி வராத நேரத்தில் தைப்பாராம். தன் உறைகள் வரிசையாகத் தொங்குவதைக் கீழ்ப்படியிலிருந்து மேல்வரை பார்த்தார். "இவ்வளவா அனுப்பியிருக்கேன்?" என்று மட்டும் கேட்டார். மேல்படியில் உட்கார்ந்து காபி குடித்தார். அவள் அனுப்பிய மெழுகுத் தகடுகள் எல்லாவற்றையும் எடை மேடை அறையின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பதாகவும், வெயில் பட்டு அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாகவும் சொன்னார்.

பசை மூன்றாம் நாள் வந்தார், மனைவியோடு. ஓவியக்கூடத்தில் கூட்டம் நன்றாக இருப்பதாகவும், செய்தித்தாளில் பல் அட்டையின் படம் வந்திருப்பதாகவும் சொல்லி, அந்தத் தாளையே கொண்டுவந்திருந்தார். கீழே விளக்கத்தில் 'சோழிகளால் ஆனது' என்று போட்டிருந்தார்கள். "சோழியாம்!" என்று அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். படிகளை ஏறி இறங்கி முடித்த பிறகு பசை சொன்னார்: "நான் செஞ்சது தப்புன்னு எனக்கு இன்னும் தோணலைக்கா. ஆனா இது நல்லா இருக்கு."

"தப்புன்னு நானும் சொல்லலை தம்பி. அது அங்க இருக்கட்டும், இது இங்க இருக்கட்டும்."

"அப்போ அந்தப் பெட்டிங்க?" என்றார் அவர் மனைவி, நேராக இவளைப் பார்த்து.

அதற்கு அன்றைக்கே படியில் வைத்து ஒரு வழி கண்டார்கள். இனிமேல் எல்லாம் ஒரே வீட்டுக்குப் போகாது. ஒவ்வொரு திட்டத்தையும் ஒவ்வொருவர் எடுத்துக்கொண்டு, தங்கள் இடத்தில் வருவதை எல்லாம் வைக்க வேண்டும். சிலருக்கு இது பிடிக்கவில்லை. படிக்கட்டில் தொங்குவதற்கா நாங்கள் செய்கிறோம் என்று விலகிப்போய் வேறு குழு ஆரம்பித்தார்கள். போனவர்களில் இரண்டு பேர் நல்ல கைவேலைக்காரர்கள். அவளுக்கு அதில் வருத்தம் உண்டு.

வாரம் முடிந்த அன்று செயலாளர் அம்மாள் வந்து நூல்களைத் தானே அவிழ்த்தார். மூலை உடைந்த அந்தக் குளியலறை ஓடு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இதே நிறத்தில் தன் பிறந்த வீட்டில் இருந்தது என்று சொல்லி, கேட்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கண்காட்சி எடை மேடை அறையில். அது முடிந்து சலூன் ஒன்றில், பிறகு பசையின் மாமனார் வைத்திருந்த சைக்கிள் கடையில். கடைவாய் இப்போதும் காலையில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து பல் நிறுத்துகிறாள். விடுமுறை நாளில் எங்கே கண்காட்சி என்றாலும் கணவன் பள்ளிக்கூட வேனை எடுத்துக்கொண்டு வருகிறான். போகிற வழியில் யாராவது ஏறிக்கொண்டால், "உட்காருங்க, ஆனா சீட்டுல எதையும் ஒட்டாதீங்க" என்று மட்டும் சொல்லிவிடுவான்.