முப்பத்தெட்டாம் வளைவும் ஒரு டின் சாமையும்

குள்ள மாமா, மறுபடியும் மலையேறிப் போய்விட்டு வந்தேன். போகவே கூடாது என்றுதான் இருந்தேன். உங்களுக்கு வருசத் திதி கொடுத்த அடுத்த வாரம் முதலாளி போன் செய்தார். "ரெண்டு நாள் சமைச்சுக் குடும்மா, பழைய ஆளுங்கதான் வர்றோம்" என்றார். நம் இரும்புப் பெட்டி அங்கேயே கிடந்தது. அதை எடுக்கத்தான் ஒத்துக்கொண்டேன்.

படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் அஞ்சாவது வரை படித்தவள். போனில் எழுதினேன், தங்கச்சி மகள் பிழை பார்த்து ஏற்றியிருக்கிறாள். என் ஊர் மலையடிவாரம், காளப்பநாயக்கன்பட்டி. மேலே வாழவந்தி நாட்டில் ஒரு மிளகுத் தோட்டத்தில் நானும் வீட்டுக்காரரும் அஞ்சு வருசம் இருந்தோம். குள்ள மாமா என்று நான் கூப்பிடுவது அவரைத்தான். அவருக்குத் தோட்ட வேலை. எனக்குச் சென்னையிலிருந்து வரும் முதலாளி குடும்பத்துக்குச் சமையல். கொல்லிமலை போகிறவர்கள் எல்லாம் அருவியைப் பற்றி எழுதுகிறார்கள். நான் சோற்றைப் பற்றி எழுதுகிறேன்.

காலை 6.20க்கு பஸ். அரை மணியில் காரவள்ளி. அதற்கு மேல் எழுபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போர்டு உண்டு. வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். பின்னால் உட்கார்ந்துகொண்டு டிரைவரைத் திட்டாதீர்கள்.

முப்பது தாண்டியதும் எழுந்து போய்க் கண்டக்டரிடம் கேட்டேன். "ஏனுங்க, முப்பத்தெட்டுல ஒரு நிமிசம் நிறுத்துவீங்களா?"

"வளைவுல எப்படீங்கக்கா நிறுத்தறது? பின்னால லாரி வருது. என்ன, வாந்தி வருதுங்களா?"

"எங்கூட்டுக்காரர் அங்கதானுங்க விழுந்தாரு."

டிரைவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அந்த வளைவில் மட்டும் பஸ் நடக்கிற வேகத்தில் போனது. அந்த மனுசன் நன்றாக இருக்கட்டும்.

8.35க்குச் செம்மேடு. தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோ 150 ரூபாய்.

இந்த விருந்தாளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளர்ந்த ஆட்கள், பிள்ளைகள் இல்லை. முதலாளியம்மாவுக்குக் கடுகு பல்லில் படக்கூடாது. முதலாளிக்கு மத்தியானம் வைத்த ரசம் சாயங்காலம் ஆகாது. அவர் மச்சானுக்குப் பழைய பொன்னி அரிசியும் முருங்கைக்காய்ச் சாம்பாரும் இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காது. மலையில் விளைகிறது சாமை. பக்கத்துக் காட்டு வெள்ளையம்மாதான் அதைப் புடைத்துக் கல் அரிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தாள். முதல் வருசமே நான் சாமைச்சோறு வடித்து வைத்தேன். "இதக் குருவிக்குப் போடு" என்று தட்டைத் தள்ளினார் மச்சான். வெள்ளையம்மாவிடம் சொன்னபோது, "கீழ இருந்து வர்றவங்களுக்குப் பல்லே வெள்ளைச் சோத்துக்குத்தான் மொளைச்சிருக்குமாட்ட" என்று சிரித்தாள்.

போன ஐப்பசியில் அவர்கள் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினார்கள். பொன்னி தீர்ந்துபோனது. செம்மேட்டுக் கடை அரிசி வாசம் அடிக்கிறதாம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. டின் நிறையச் சாமை இருந்தது. என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு கீழே போனார். அரிசியும் முருங்கைக்காயும் வாங்கித் திரும்பி ஏறும்போதுதான் முப்பத்தெட்டில் சறுக்கினார். அரிசி மூட்டை கிழிந்து ரோடெல்லாம் வெள்ளை. முருங்கைக்காய் ஒன்றுகூட ஒடியவில்லை.

இந்த முறை சமையல்கட்டுக்குள் போனதும் அரிசி டின்னைத் திறந்தேன். முதலாளியம்மா ஓடி வந்தார். "அரிசி வேணாம்மா. நாங்க இப்ப அரிசியே தொடறதில்ல. சர்க்கரை ஏறுதாம். சாமையே வடிச்சிரு. மலைக்கு வந்துட்டு யாராச்சும் அரிசி சாப்பிடுவாங்களா?"

சாமை டின்னை இறக்கினேன். கல் போகத்தான் அரித்தேன். ஒரு கல்லைக்கூட விடவில்லை. விட்டிருக்கலாம். ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், பூண்டுக் குழம்பு, கடுகு இல்லாமல்.

மச்சான் மூன்று முறை போட்டுக்கொண்டார். தட்டைப் போட்டோ எடுத்தார். "சூப்பர்க்கா. போன தடவையே இதச் செஞ்சு தந்திருக்கலாம்ல?"

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கும் டின் நெறைய இருந்துச்சுங்க. குருவிக்குப் போடச் சொன்னது நீங்கதானுங்க. உங்க பொன்னிக்குத்தான் எங்கூட்டுக்காரரு மழையில போனாரு."

முதலாளியம்மா தலையைத் தொங்கப்போட்டார். முதலாளி, "விடும்மா, விதி" என்றார். விதிக்கு நாக்கு இவ்வளவு நீளமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மச்சான் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடியும் சாப்பிட்டார். ஆமாம், சாப்பிட்டார்.

அடுத்த நாள் சமைக்க நான் இருக்கவில்லை. வெள்ளையம்மா பெட்டியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தாள். அன்றைக்கே 2.15 பஸ்ஸில் மலையிறங்கிவிட்டேன்.

மலைக்குப் போகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு சக்கர வண்டியில் ஏறாதீர்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே என்ன விளைகிறதோ அதைக் கேட்டுச் சாப்பிடுங்கள். பிடிக்கவில்லையா, உங்கள் அரிசியை நீங்களே சுமந்து வாருங்கள். சமைக்கிறவளுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

அவர்களைத் திட்டி முடித்துவிட்டேன், மாமா. அன்றைக்கு நீங்கள் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தபோது நான் வாசலில்தான் நின்றேன். "முருங்கைக்காய் இளசாப் பாத்து வாங்குங்க" என்றுதான் என் வாயில் வந்தது. "போக வேண்டாம், சாமையத் தின்னா தின்னட்டும், இல்லாட்டிப் பட்டினி கெடக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நின்றிருப்பீங்களா, குள்ள மாமா?