புள்ளிமூக்கு வாத்துக்கு நான் ஒட்டிய ஸ்டிக்கர்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதம். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தெற்கேயிருந்து பிழைக்க வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. என் மேஜையைத் தாண்டிய துணி ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

குளத்தில் பறவைகளைக் கணக்கெடுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு டி-ஷர்ட் ஆர்டர் வந்தது. நெஞ்சில் ஒரு காட்டு வாத்து. பிரிண்டிங் முடிந்து, தைப்பதற்கு முன் இருநூறு துணியும் என்னிடம் வந்தன. எல்லாவற்றிலும் வாத்தின் கறுப்பு அலகு தொடங்கும் இடத்தில் இரண்டு சிவப்புப் பொட்டுகள். பிரிண்டிங் ஸ்கிரீனில் ஓட்டை விழுந்தால் இப்படித்தான் ஒரே இடத்தில் சாயம் கசியும். கறையைக் காட்டும் அம்புக்குறி ஸ்டிக்கரை இருநூறிலும் ஒட்டி ஒதுக்கிவிட்டேன்.

சாயங்காலம் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்த அந்தப் பள்ளி டீச்சர் சிரித்துவிட்டார். "அது கறை இல்லீங்க அக்கா. இது புள்ளிமூக்கு வாத்துங்க. அந்தப் பொட்டுதானுங்க அதுக்கு அடையாளமே."

"ஏனுங்கக்கா, இருநூறுமா?" என்று மட்டும் கேட்டார் முதலாளி. அதற்குப் பதில் அவர் திட்டியே இருக்கலாம். நானும் விடவில்லை. "கண்ணால பாத்தாத்தான் ஸ்டிக்கர எடுப்பேன்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. ஒரு துணியைப் பையில் போட்டுக்கொண்டு டீச்சரோடு குளத்துக்குப் போனேன். நடுத்தண்ணீரில் ஒன்றையும் காணோம். கரையோரம், ஆழமில்லாத தண்ணீரில், கோரைக்கு நடுவே இரண்டு மேய்ந்துகொண்டிருந்தன. பைனாகுலரில் பார்த்தேன். பழுப்பு உடம்பில் ஒவ்வொரு இறகுக்கும் பைப்பிங் வைத்துத் தைத்ததுபோல வெளிர் ஓரம். அலகின் நுனி மஞ்சள். அலகு தொடங்கும் இடத்தில் அதே சிவப்புப் பொட்டு. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்கு நன்றாகவே சறுக்கியிருந்தது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் கை பழக்கதோஷத்தில் துணியை விரித்தது. அந்த நேரம் ஒரு வாத்து கரையேறி நின்று இறகைக் கோதியது.

"டீச்சர், மூக்கு சரிதான். கால்தான் தப்பு. துணியில மஞ்சளா இருக்கு. அதுக்குப் பாருங்க, நல்ல செவப்பு."

டீச்சர் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். பையிலிருந்த பறவைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "ஆமாங்கக்கா. படம் வரைஞ்சது நான்தானுங்க" என்றார் மெதுவாக.

திங்கட்கிழமை ஸ்டிக்கர்களை நானே உரித்தேன். மஞ்சள் கால்மேல் சிவப்பை ஒருமுறை ஓட்டிச் சரிசெய்தார்கள். "அக்கா பாக்காம ஒரு பீஸும் வெளிய போகக்கூடாதுங்க" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்றும் பஸ்ஸில் போகும்போது அந்த டி-ஷர்ட் போட்ட பிள்ளைகள் கண்ணில் பட்டால், வாத்தின் காலைத்தான் முதலில் பார்ப்பேன். அது நான் சொன்னதால் வந்த நிறம். ஆனால் ஸ்டிக்கரைக் கையில் எடுக்கும்போது மட்டும் அந்த அலகு ஞாபகம் வந்து ஒரு நொடி நிற்கிறேன், அந்த ஒரு நொடிக்குப் பிறகுதான் என் கண்ணை நான் முழுசாக நம்புகிறேன்.